கனம் வேறு, சத்தம் வேறு: ஜான் பான்ஹமின் டிரம்ஸ்

லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் என்றதும் ராக் ரசிகர்கள் முதலில் பேசுவது அவருடைய பலத்தைத்தான். தோல் கிழிய அடிப்பார், மேடையே அதிரும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் பலமாக அடிப்பவர்களுக்கு ராக் இசையில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கேட்டால் காதுதான் வலிக்கும். பான்ஹமைக் கேட்டால் கேட்பவர் நினைக்காமலே தலை அசைய ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்குத்தான் இசைக்காரர்கள் 'க்ரூவ்' என்றும் 'ஃபீல்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

க்ரூவ் என்பது ஒரு சில அடிகள் திரும்பத் திரும்ப வந்து உடம்பைப் பிடித்துக்கொள்ளும் விதம். ஃபீல் என்பது அந்த அடிகள் ஒவ்வொன்றும் விழும் பக்குவம்: தாளத்தின் புள்ளியில் சரியாக விழுகிறதா, மயிரிழை முந்துகிறதா பிந்துகிறதா, எது ஓங்கி எது அடங்கி விழுகிறது, விழுந்த பிறகு எவ்வளவு நேரம் ஒலிக்கவிடப்படுகிறது. மேற்கத்திய இசைக்குறிப்பில் இவற்றில் பெரும்பாலானவற்றை எழுத முடியாது. ஒரே தாளில் உள்ள ஒரே குறிப்பை இரண்டு டிரம்மர்கள் வாசித்தால் ஒன்று கடிகாரம் போல இருக்கும், மற்றது ஆள் நடந்துவருவது போல இருக்கும். மிருதங்கக்காரர்கள் 'நடை' என்று சொல்வது தாளத்தின் உட்பிரிவை. க்ரூவுக்கு இன்னும் பொருத்தமாக அமைவது அந்தச் சொல்லின் சாதாரணப் பொருள்தான். தெருமுனையில் வருபவரின் முகம் தெரியும் முன்பே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதுபோல இரண்டு சுற்றுக்குள் பான்ஹம் யாரென்று தெரிந்துவிடுவார்.

பான்ஹம் 1948 மே 31 அன்று இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே டப்பாக்களைக் கவிழ்த்துவைத்துத் தட்டத் தொடங்கியவர். பத்து வயதில் அம்மா ஒரு ஸ்னேர் டிரம் வாங்கித் தந்தார். முறையான பயிற்சி எதுவும் கிடையாது. பள்ளியை முடித்ததும் அப்பாவோடு தச்சு வேலைக்குப் போனார். கேட்டு வளர்ந்தது ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச், மாக்ஸ் ரோச் போன்ற ஜாஸ் டிரம்மர்களை. கூடவே அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்ட இசையான சோலும் ஃபங்க்கும், குறிப்பாக ஜேம்ஸ் பிரவுனின் குழு. 1968-இல் ஜிம்மி பேஜ், ராபர்ட் பிளாண்ட், ஜான் பால் ஜோன்ஸ் ஆகியோருடன் லெட் செப்பலினில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபது. கனமான ராக் என்ற வகைக்கே இலக்கணமாகக் காட்டப்படும் மனிதரின் கைகளில் இருந்தது ஜாஸும் ஃபங்க்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் கருவிகள். பான்ஹம் பெரும்பாலும் வாசித்தது அமெரிக்கத் தயாரிப்பான லட்விக் டிரம்ஸ். காலால் அடிக்கும் பாஸ் டிரம் 26 அங்குல விட்டம். சாதாரணமாக மற்றவர்கள் வைத்துக்கொண்டது 22 அங்குலம். எதிரே ஒரு டாம், பக்கத்தில் தரையில் நிற்கும் இரண்டு டாம்கள், ஆறரை அங்குல ஆழமுள்ள உலோக ஸ்னேர். எண்ணிக்கையில் மிகச் சிறிய செட்தான். எழுபதுகளில் பலர் இரண்டு பாஸ் டிரம், எட்டு டாம் என்று கோட்டை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இங்கே எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது.

அளவைவிட முக்கியம் சுருதி. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் டிரம்மின் மேல் துணியைப் போடுவது, உள்ளே தலையணையைத் திணிப்பது, தோலை ஒட்டுநாடாவால் அடக்குவது எல்லாம் வழக்கம். அடி 'தட்' என்று விழுந்து உடனே செத்துவிட வேண்டும். பான்ஹம் தோலை இழுத்துக்கட்டி, பெரிதாக எதுவும் திணிக்காமல், டிரம்மைத் தன் போக்கில் ஒலிக்கவிட்டார். அதனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வால் இருந்தது. தோலைத் தொட்ட கணத்தில் ஒரு ஒலி, அதன் பின்னால் நீண்டு கரையும் இன்னொரு ஒலி. கர்நாடக இசைக்காரர்கள் கார்வை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. அடிகளுக்கு நடுவே விடப்படும் இடம் வெறுமையாக இல்லாமல் முந்தைய அடியின் மிச்சத்தால் நிரம்பியிருக்கும்.

இந்த இடத்தில் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பதிவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 1927-இல் மிசிசிப்பி நதியில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் 1929-இல் பதிவுசெய்த ப்ளூஸ் பாட்டு அது. லெட் செப்பலின் அதை எடுத்துத் தன் போக்கில் மாற்றி 1971 நவம்பரில் வெளியான நான்காவது ஆல்பத்தில் சேர்த்தது. பதிவு நடந்த இடம் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்ட பெரிய கல்வீடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்திவைத்து வேலை நடந்தது.

வீட்டு நடுக்கூடத்தில் மாடிப்படி சுற்றிச் சுற்றி மேலே போகும். பான்ஹமின் டிரம்ஸ் படிக்கட்டின் அடியில் கூடத்தில் வைக்கப்பட்டது. ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் எதையும் வைக்கவில்லை. பேயர் எம்160 மைக் இரண்டை மாடிப்படியிலிருந்து தொங்கவிட்டார். பாஸ் டிரம்முக்கென்று தனி மைக்கூடக் கிடையாது. அந்த ஒலியைக் கம்ப்ரெஸர் கருவி வழியாகவும், ஜிம்மி பேஜிடம் இருந்த இத்தாலியத் தயாரிப்பான பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவி வழியாகவும் அனுப்பினார்கள். கம்ப்ரெஸர் உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும். அடி விழுந்ததும் அமுங்கி, அடுத்த நொடிக்குள் கூடத்தின் எதிரொலி பொங்கி மேலே வரும். அந்த வீடே மூச்சுவிடுவது போன்ற ஓர் உணர்வு அதில் உண்டாகிறது.

ஒலிப்பதிவுப் பிரியர்கள் இந்தக் கதையை மைக்கின் பெயர், கம்ப்ரெஸரின் மாடல் எண் உட்பட ஒப்பிப்பார்கள். அதே மைக்குகளை அதே போலத் தொங்கவிட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். அந்த ஒலி கிடைப்பதில்லை. காரணம் கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த ஆள். அவ்வளவு எதிரொலிக்கும் இடத்தில் ஒருவர் குச்சியை மளமளவென்று ஓட்டினால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழைந்துபோகும். பான்ஹம் அந்தப் பாட்டில் வாசிப்பது ரொம்பக் கொஞ்சம். நிமிடத்துக்கு எழுபதை ஒட்டிய தட்டுகள்தான் காலப்பிரமாணம். பாஸ் டிரம்மில் நெருக்கமாக இரண்டு அடி, ஸ்னேரில் ஓர் அடி, பிறகு பாஸ் டிரம் இடம் மாறி மாறி விழுவது, மறுபடி ஸ்னேர். அடிக்கும் அடிக்கும் நடுவே அந்தக் கல்வீடு பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறார். கூடத்தையும் ஒரு பக்கவாத்தியமாக வைத்துக்கொண்ட வாசிப்பு அது.

காத்திருப்பதுதான் அவருடைய ஃபீலின் மையம். ஸ்னேர் அடி தாளப் புள்ளியில் சரியாக விழாமல் ஒரு நூலிழை தாமதமாக விழுவது போலக் கேட்கும். இதை 'பிஹைண்ட் தி பீட்' என்பார்கள், தட்டுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வாசிப்பது. பின்தங்குவதும் பின்னால் சாய்வதும் ஒன்றாகிவிடாது. பின்தங்கினால் வேகம் குறைந்துகொண்டே போகும், பாட்டு படுத்துவிடும். பின்னால் சாய்ந்து வாசிப்பவர் வேகத்தை விடாமல், ஸ்னேரை மட்டும் கொஞ்சம் நிறுத்திவைத்துப் போடுகிறார். கேட்பவரின் உடம்பு அடியை எதிர்பார்த்துவிட்டது, அடி இன்னும் வரவில்லை. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துத் தவிப்புக்குப் பிறகு விழும் அடி இரண்டு மடங்கு கனமாகத் தெரிகிறது. அவருடைய 'பலம்' என்று பேசப்படுவதில் பெரும்பங்கு இந்தத் தாமதத்திலிருந்து வந்தது என்றே சொல்லலாம்.

சரி, கால். முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது. அதன் முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதைக் கேட்ட டிரம்மர்கள் பலர் பான்ஹமிடம் இரண்டு பாஸ் டிரம் இருக்கிறது என்றே நம்பினார்கள். மும்மூன்றாகப் பிரியும் வேகமான அடிகளில், திஸ்ர ஓட்டம் என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும், இரண்டிரண்டு அடிகளை வலது காலின் ஒற்றைப் பெடலால் போட்டிருக்கிறார். வித்தை என்ற அளவில் இன்று இதை மாணவர்கள் யூடியூபில் கற்று வாசித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் வாசிக்கும்போது அந்த இரட்டையடிகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பான்ஹமின் வாசிப்பில் மேலே கை சாவகாசமாகப் போய்க்கொண்டே இருக்க, கீழே யாரோ படிக்கட்டில் தடதடவென்று இறங்குவது போல அவை வந்து போகும். கையின் நடையைக் கால் கெடுப்பதே இல்லை.

அந்தப் பெடலுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. அது லட்விக் ஸ்பீட் கிங் என்ற வகை, கீச்சிடுவதற்குப் பேர்போனது. 1970-இல் வெளியான 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' என்ற மெதுவான ப்ளூஸ் பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டால் கால் அமுங்கும்போதெல்லாம் கீச் கீச்சென்று கேட்கும். எண்ணெய் விட ஆளில்லை. அந்தப் பதிவில் கீச்சு கேட்கிறது என்றால் அந்த அளவுக்கு டிரம்ஸ் அடக்கமாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். ஒரு பெடலின் முனகலை மறைக்க முடியாத அளவுக்கு மென்மையாக வாசித்த மனிதரைத்தான் உலகம் இடிமுழக்கம் என்று நினைவு வைத்திருக்கிறது.

மற்ற வாத்தியங்களோடு அவர் சேரும் விதம் இன்னொரு விஷயம். 'பிளாக் டாக்' பாட்டின் கிதார் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டை, எழுதத் தொடங்கியவர் ஜான் பால் ஜோன்ஸ். அது நேராகப் போகாமல் வளைந்து வளைந்து, நான்குக்குள் அடங்காமல் போகும். கணக்குத் தெரிந்த டிரம்மர் ஒவ்வொரு வளைவிலும் கூடவே வளைந்திருப்பார். பான்ஹம் சில இடங்களில் கிதாரை அதன் போக்கில் விட்டுவிட்டு, நேரான நான்கு தட்டு நடையிலேயே போகிறார். கிதார் விலகி, தடுமாறி விழப்போவது போலப் போய், கடைசியில் அவரிடமே வந்து சேர்கிறது. பாடும் குரல் தனியாக ஒலித்து முடிந்து ரிஃப் மறுபடி தொடங்கும் இடங்களில் குச்சிகள் மெல்லத் தட்டிக்கொள்ளும் 'டிக்' ஒலியும் பதிவில் காதில் விழும். எல்லோரும் ஒன்றாக உள்ளே வருவதற்கான சைகை அது.

1975-இல் வந்த 'பிசிக்கல் கிராஃபிட்டி' ஆல்பத்தின் 'காஷ்மீர்' இதே யோசனையின் விரிந்த வடிவம். கிதாரும் பிற கருவிகளும் மூன்று மூன்றாக ஏறிக்கொண்டிருக்கும். டிரம்ஸ் நான்கு நான்காக நடக்கும். பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறை இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கும். மூன்றையும் நான்கையும் மோதவிட்டுச் சமத்தில் கொண்டுவந்து சேர்ப்பது மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்குப் பெரிய அதிசயமாக இருக்காது. அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கைத் துளியும் காட்டிக்கொள்ளாமல் எட்டரை நிமிடம் ஒரே நடையில் போக ஒரு மனஅடக்கம் வேண்டும். வேறொருவராக இருந்தால் நடுநடுவே 'பார், மூன்றும் நான்கும் சேர்ந்துவிட்டது' என்று சிம்பலை அடித்துக் காட்டியிருப்பார்.

'ராக் அண்ட் ரோல்' என்ற பாட்டின் தொடக்கம் தற்செயலாகப் பிறந்தது. வேறொரு பாட்டு சரியாக வராமல் இழுத்துக்கொண்டிருந்தபோது பான்ஹம் திடீரென்று லிட்டில் ரிச்சர்டின் 1957-ஆம் ஆண்டுப் பாட்டான 'கீப் எ-நாக்கின்'னின் தொடக்கத்தைப் போல வாசிக்க, ஜிம்மி பேஜ் கிதாரோடு சேர்ந்துகொண்டார். அந்தத் தொடக்கத்தில் ஒன்று எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதில் தேர்ந்த இசைக்காரர்களும் சறுக்குவார்கள். முதல் அடியையே ஒன்று என்று எடுத்துக்கொண்டால் கிதார் வரும்போது கணக்கு உதைக்கும். அடிகள் சமத்துக்கு முன்பே, ஆவர்த்தனத்தின் நடுவில் தொடங்கிவிடுகின்றன. அதீத எடுப்பு மாதிரி.

அவருடைய நுட்பத்தின் உச்சம் எது என்று கேட்டால் டிரம்மர்கள் பலர் சொல்லும் பதில் 'ஃபூல் இன் தி ரெய்ன்'. 1979-இல் வந்த 'இன் த்ரூ தி அவுட் டோர்' ஆல்பத்தில் உள்ளது. அதன் அடிப்படை ஷஃபிள் என்ற துள்ளுநடை. அதைப் பாதி வேகமாகத் தோன்றும்படி வாசிப்பதை ஹாஃப்-டைம் ஷஃபிள் என்பார்கள். அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டி இதைத் தன் பெயராலேயே வழங்கும் அளவுக்குப் பிரபலமாக்கியிருந்தார். காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட் மும்மூன்றாகத் துள்ளிக்கொண்டு போகும். ஓங்கிய ஸ்னேர் அடி ஒரு சுற்றில் ஒரே ஒரு இடத்தில்தான். நடுவில் இடது கைக் குச்சி ஸ்னேரின் மேல் பூனை நடப்பது போல மெத்து மெத்தென்று தொட்டுக்கொண்டே இருக்கும். பேய் அடிகள் என்று பொருள்படும்படி இவற்றுக்கு 'கோஸ்ட் நோட்ஸ்' என்று பெயர். தனித்தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் பாட்டே படுத்துவிடும். நடுவில் ஒருமுறை விசில் சத்தத்தோடு பாட்டு சாம்பா வேகத்துக்குத் தாவிவிட்டு மறுபடி பழைய நடைக்கு இறங்கும்போது, முன்பு விட்ட அதே சாவகாசத்தோடு பான்ஹம் அதை எடுத்துக்கொள்கிறார். சில ஆண்டுகளுக்குப் பிறகு டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ 'ரோசன்னா' பாட்டுக்கு அமைத்த புகழ்பெற்ற நடை, பர்டியின் ஷஃபிளும் பான்ஹமின் இந்தப் பாட்டும் கலந்து பிறந்தது என்று அவரே விளக்கியிருக்கிறார்.

வாசிக்காமல் இருப்பதிலும் அவருக்குத் தேர்ச்சி உண்டு. எட்டு நிமிடம் ஓடும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல் டிரம்ஸே கிடையாது. பிறகு உள்ளே வரும்போதும் ஆரவாரமில்லாமல் வருகிறார்.

இதற்கு நேர் எதிர் 'மோபி டிக்'. 1969-இல் வந்த இரண்டாம் ஆல்பத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் இருந்த அந்தத் தனி வாசிப்பு மேடையில் இருபது நிமிடத்தையும் தாண்டி நீளும். குச்சிகளை வைத்துவிட்டு வெறும் கையால் டாம்களை வாசிக்கும் பகுதி அழகானது, ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்த விதம் தெரியும். மீதிக்குப் பொறுமை வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நழுவும் சபா ரசிகர்களுக்கு இது புரியும். பான்ஹம் மேதை என்பதற்குச் சான்று தேடுபவர் அங்கே தேட வேண்டியதில்லை. பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் அவர் பெரியவர்.

1980 செப்டம்பர் 25 அன்று, அளவுமீறிய குடியைத் தொடர்ந்து, ஜிம்மி பேஜின் வீட்டில் பான்ஹம் இறந்துகிடந்தார். வயது 32. அவர் இல்லாமல் தொடர முடியாது என்று அதே ஆண்டு டிசம்பரில் குழு அறிவித்தது. ராக் குழுக்கள் டிரம்மரை மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவது சர்வசாதாரணம் என்பதால் இந்த முடிவு கவனிக்கத்தக்கது. 2007 டிசம்பர் 10 அன்று லண்டனின் ஓ2 அரங்கில் மீதி மூவரும் ஒரே ஒரு இரவு முழுக் கச்சேரிக்காகச் சேர்ந்தபோது டிரம்ஸில் உட்கார்ந்தவர் மகன் ஜேசன் பான்ஹம்.

'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டின் டிரம்ஸ் தனி வாழ்க்கை வாழ்கிறது. தொடக்கத்தில் பாட்டும் கிதாரும் சேரும் முன்பே இரண்டு சுற்று டிரம்ஸ் மட்டும் ஒலிப்பதால் அதை வெட்டியெடுப்பது சுலபம். 1986-இல் பீஸ்டி பாய்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை அதன் மேல்தான் கட்டினார்கள். எனிக்மாவின் 'ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்', பியார்க்கின் 'ஆர்மி ஆஃப் மீ' ஆகியவற்றிலும் அதே டிரம்ஸ். லெட் செப்பலின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் பான்ஹமின் நடைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள்.

வெட்டியெடுத்த துண்டை முழுப் பதிவோடு வைத்துக் கேட்டால் ஒன்று தெரியும். கணினியில் சுழலும் துண்டில் ஒவ்வொரு சுற்றும் அச்சு அசல் ஒன்றே. ஏழு நிமிட மூலத்தில் ஹை-ஹாட் ஒரு இடத்தில் கொஞ்சம் திறந்திருக்கும், இன்னொரு இடத்தில் இறுகியிருக்கும். ஸ்னேர் ஒரு சுற்றில் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். வேகத்தைப் பிடித்துவைக்கக் காதில் மெட்ரோனோம் எதுவும் ஒலிக்காத காலம் என்பதால் பாட்டு பொங்கும் இடத்தில் டிரம்ஸும் அதனோடு அசையும், பிறகு பழைய இடத்தில் வந்து அமரும்.